குடிநீர் இணைப்புக்கு மனு போடுமுன் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்

வீடு உங்களுடையது. பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, ஈ.பி. கார்டும் உங்கள் பெயரில்தான். ஆனாலும் நகராட்சியில் குடிநீர் இணைப்பு கேட்டால் மனு திரும்பி வரும். சொத்துவரி இன்னும் காலமான அப்பா பெயரிலோ வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலோ ஓடிக்கொண்டிருக்கும். நகராட்சியைப் பொறுத்தவரை வீட்டுக்காரர் என்றால் வரிப் பதிவேட்டில் இருப்பவர்தான். குழாய், பாதாள சாக்கடை என எதைக் கேட்டுப் போனாலும் அவரைத்தான் முதலில் தேடுவார்கள்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான 2023-ஆம் ஆண்டு விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் இவைதான். கவுன்ட்டரில் உங்களிடம் யாரும் பிரிவு எண் கேட்கப்போவதில்லை, ரசீதைத்தான் கேட்பார்கள். அதனால் ரசீதிலிருந்தே தொடங்குவோம்.

பெயர் மாற்றம் என்னும் முதல் கதவு

பத்திரம் பதிந்ததும் எல்லா இடத்திலும் பெயர் தானாக மாறிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பட்டா வருவாய்த் துறையிடம், மின் இணைப்பு மின்வாரியத்திடம், சொத்துவரி நகராட்சியிடம். ஓர் இடத்தில் மாறியது இன்னொரு இடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் ஆசை, அவ்வளவுதான். நகர்ப்புற உள்ளாட்சிகளின் அர்பன் இ-பே தளத்தில் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் யார் பெயர், எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும். அலுவலகத்துக்குக் கிளம்புமுன் இதைப் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வீடு வாங்கியவருக்கு வேலை ஓரளவு எளிது: பதிவான கிரயப் பத்திர நகல், நடப்பு அரையாண்டு வரை வரி கட்டிய ரசீது, அடையாளச் சான்று, பெயர் மாற்றக் கட்டணம். சிக்கல் பாக்கியில்தான் வரும். சொத்துவரி ஆளின் மீதான கடன் அல்ல, சொத்தின் மீதான கடன். விற்றவர் பல வருடம் கட்டாமல் விட்டிருந்தால் அது உங்கள் தலையில்தான் விழும், வட்டியோடு. "அது அவர் காலத்துப் பாக்கி சார்" என்ற வாதம் எந்தக் கவுன்ட்டரிலும் எடுபட்டதில்லை. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே வரிவிதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாக்கியைப் பாருங்கள். எண் தர இழுத்தடிக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

வாரிசு விஷயத்தில்தான் ஜனங்கள் அதிகம் நொந்துபோகிறார்கள். தந்தை இறந்துவிட்டார், வரி அவர் பெயரில். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இரண்டும் கையில் இருக்கின்றன. "அம்மா பெயருக்கு மட்டும் மாற்றுங்கள்" என்று கேட்ட மாத்திரத்தில் வழி அடைபடும். மற்ற வாரிசுகளுக்கும் பங்கு இருக்கிறதே, அவர்கள் விட்டுக்கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் கேள்வியில் நியாயம் உண்டு. நியாயமில்லாதது அதற்கு அவர்கள் காட்டும் வழி.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவிடம் "பிள்ளைகளிடம் நோட்டரி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியூரில் இருந்த மகன் லீவு போட்டு வந்தார், மகள்கள் வந்தார்கள், முத்திரைத்தாளில் கையெழுத்தானது, வக்கீலுக்கும் பணம் போனது. கொண்டுபோய்க் கொடுத்தால் வேறொரு மேசையில் இருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "இது செல்லாதும்மா, பதிவு பண்ணின விடுதலைப் பத்திரம் வேணும்" என்றார். பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்தான் அது. முதலில் நோட்டரி கேட்டவர் அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவே இல்லை.

ஆகவே இரண்டில் ஒன்று. ஒருவர் பெயருக்கு மட்டும் வேண்டுமென்றால் மற்றவர்கள் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிந்து தர வேண்டும். அவசரத்துக்குக் குழாய்தான் வேண்டும், பங்கு பிரிப்பதெல்லாம் பிறகு என்றால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டாக மாற்றக் கேளுங்கள். இந்த இரண்டாவது வழியைக் கவுன்ட்டரில் தாமாக யாரும் சொல்வதில்லை. மனுவில் நீங்களே தெளிவாக எழுதிவிடுங்கள்.

இதில் மறுபக்க ஆபத்து ஒன்றும் உண்டு. வரி ரசீதில் பெயர் ஏறிவிட்டால் சொத்தே தனக்கு வந்துவிட்டது என்று நினைக்கும் அண்ணன் தம்பிகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. அண்ணன் பெயரில் வரி மாறியதாலேயே தங்கையின் பங்கு போய்விடாது. அவர் வரி கட்டுகிறார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

யாருடைய செல்போன் எண்?

பிரவுசிங் சென்டரில் ஆன்லைன் மனு போடுபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓ.டி.பி. உடனே வர வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். ஆனால் "ஆவணம் தெளிவாக இல்லை, மீண்டும் பதிவேற்றவும்" என்ற குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் போகும். அவர் பார்க்க மாட்டார், உங்களுக்குத் தெரியாது, மனு நிராகரிப்பில் முடியும். நீங்களோ "விசாரணையில் இருக்கும்" என்று நினைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், விண்ணப்ப எண் உள்ள பக்கத்தை அச்செடுத்து வாங்குங்கள். பத்திரத்தைக் கடைக்காரரின் போனில் படம் எடுக்க விடாமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சர்வே எண் உள்ள பக்கம் மங்கலாக இருந்தால் அதுவே திருப்பி அனுப்பப் போதுமான சாக்கு.

பிட்டர் கையில் கொடுத்த பணம்

பெயர் மாறியதும் குடிநீர் இணைப்பு மனு. இதற்கு வைப்புத்தொகை உண்டு, சாலையை வெட்டினால் சீரமைப்புக் கட்டணம் உண்டு, குழாய்ச் சாமான்கள் செலவு உண்டு. தொகை ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் ஊர் மன்றத் தீர்மானப்படி எவ்வளவு என்பதை அலுவலகத்தில் கேளுங்கள், தெருவில் கேட்காதீர்கள்.

தெருவில் குழாய் போடும் பிட்டரைக் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன், மொத்தமா கொடுத்துடுங்க." கொடுத்த மறுநாளே குழாயில் தண்ணீர் வந்துவிடும். சில வருடம் கழித்துக் கணக்கெடுப்பு வரும்போதுதான் அந்த இணைப்புக்கு எண்ணே இல்லை, குடிநீர்ப் பதிவேட்டில் வீடே இல்லை என்று தெரியவரும். முறைகேடான இணைப்பு என்று துண்டிப்பார்கள், அபராதமும் உங்களுக்குத்தான். பணம் வாங்கியவரைக் கேட்டால் மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது ஒப்பந்தக்காரரின் ஆள் என்பார்கள். உங்கள் பெயரில் இணைப்பு எண் போட்ட ரசீது இல்லையென்றால் இணைப்பே இல்லை என்றுதான் அர்த்தம்.

ரசீது கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், வரிவிதிப்பு எண், எந்தத் தலைப்பில் வரவு வைத்தார்கள், எந்த அரையாண்டு. குடிநீர் வைப்புத்தொகை என்று கட்டிய பணம் குடிநீர்க் கட்டணத்திலோ காலிமனை வரியிலோ வரவானால், கவுன்ட்டரை விட்டு நகர்ந்தபின் திருத்துவது பெரும்பாடு. பில் கலெக்டர் கைமெஷினில் தரும் ரசீதில் எழுத்து ஆறு மாதத்தில் அழிந்துவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, வீட்டு முன்னறையில் இருக்கும் சின்னக் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு பெட்டிக்கடை போதும். அளவெடுக்க வருபவர் அந்தப் பகுதியை வணிகப் பயன்பாடு என்று குறித்தால் அதற்கு வரி விகிதமும் மாறும், குடிநீர்க் கட்டணமும் மாறலாம். கடைப் பகுதிக்கு மட்டும் அப்படிப் போடுவது சரி. முழு வீட்டையும் வணிகம் என்று போட்டுவிட்டால் சும்மா இருக்காதீர்கள், கடை எத்தனை சதுர அடி, வீடு எத்தனை சதுர அடி என்று எழுதி மறுஅளவீடு கேளுங்கள்.

"திட்டப் பணி நடக்குது, முடிஞ்சதும் வாங்க" என்பது இப்போது பரவலாகக் கிடைக்கும் பதில். மத்திய அரசின் அம்ருத் போன்ற குடிநீர்த் திட்டங்களில் பல ஊர்களில் குழாய் பதிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால் மனுவே வாங்க மாட்டோம் என்பதை ஏற்காதீர்கள். மனுவைக் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் ஆணையர் பெயருக்கு அனுப்புங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. வாயால் கேட்டது எதுவும் அந்த அலுவலகத்தில் நடந்ததாகக் கணக்கில்லை.

வரியைப் பற்றி ஒரே ஒரு சேதி: அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். கட்டாமல் பாக்கி வைத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

தெருவிளக்கும் சாக்கடையும்: யார் வேலை என்று பந்தாடுவது

விளக்கு எரியவில்லை என்றால் கம்பம் மின்வாரியத்துடையது என்பார்கள். மின்வாரியத்தில் கேட்டால் விளக்கு நகராட்சியுடையது என்பார்கள். இரண்டுமே உண்மை, அதுதான் கொடுமை. விளக்கும் அதன் பராமரிப்பும் நகராட்சி பொறுப்பு. கம்பம் சாய்ந்தால், கம்பி தொங்கினால், மின்சாரமே இல்லையென்றால் மின்வாரியம், அதற்கு மின்னகம் 94987 94987. ஊரின் பிரதான சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் இருக்கும் பள்ளத்துக்கு நகராட்சியில் மனு கொடுத்தால் பள்ளம் பெரிதாவதுதான் மிச்சம்.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது" என்று ஒரே மனுவில் மூன்றையும் எழுதினால் அது ஒரு பிரிவுக்குப் போகும், அவர்கள் தங்கள் பங்கை மட்டும் பார்த்து மனுவை முடித்துவிடுவார்கள். விளக்குக்குப் பொறியியல் பிரிவு, குப்பைக்குச் சுகாதாரப் பிரிவு. ஒன்றுக்கு ஒரு மனு. கம்பத்தில் எழுதியிருக்கும் எண், வார்டு எண், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்பதெல்லாம் இருக்கட்டும். அடையாளம் இல்லாத மனுவுக்கு "நேரில் ஆய்வு செய்யப்பட்டது, குறை ஏதும் இல்லை" என்று பதில் எழுதுவது சுலபம்.

1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி' என்னும் அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் செய்யலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் அது கடைசியில் அதே நகராட்சியின் அதே மேசைக்குத்தான் வரும். ஆனால் இந்த முறை பதில் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடியோடு வரும். லாபம் அதுதான். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்து, நடவடிக்கை எதுவும் இல்லையென்றால் அன்றைய தேதியுடன் படம் எடுத்து மறுபடி போடுங்கள்.

கவுன்சிலரைப் பற்றி. தெருவிளக்கு, வடிகால், சாலைக்கு அவரைப் பிடிப்பது சரியான வழி, மன்றத்தில் பேசி வாங்கித் தர முடியும். பெயர் மாற்றத்துக்கும் குடிநீர் இணைப்புக்கும் உத்தரவு போடுவது நிர்வாகம், கவுன்சிலர் அல்ல. "கவுன்சிலர் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அதற்கெல்லாம் கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டால் ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போவதை விடவா இந்த அபராதம் பெரிது. உரிமம் பெற்ற லாரியைக் கூப்பிடுங்கள்.

மனு கிடப்பில் போனால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம். "ஏன் எனக்கு இணைப்பு தரவில்லை" என்று கேட்டால் ஏன் என்பது தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடிப்பார்கள், அதற்கு இடமும் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட என் மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் சென்றது, அதன் மீது எழுதிய குறிப்புகளின் நகல், எனக்குப் பின் மனு கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இணைப்பு தரப்பட்டது. 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. பல நேரங்களில் அதுவரை போக வேண்டியிருக்காது. குறிப்பின் நகல் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே கோப்பு நகரத் தொடங்கிவிடும், "நீங்க ஏங்க இதெல்லாம் போடறீங்க, நேர்ல வந்திருக்கலாமே" என்று போனும் வரும்.