உட்கருவுக்குள் யாருக்குப் பக்கத்தில் யார்?

"தம்பி மகனுக்கு வயிற்றில் கட்டி. பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோய் என்கிறார்கள். 8-ம் குரோமோசோமும் 14-ம் குரோமோசோமும் துண்டு மாறியிருக்கிறதாம். சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள். உண்மையில் என்ன நடந்திருக்கும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

செய்வினையும் இல்லை, பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை. பையனின் ஒரே ஒரு பி செல்லில், அவன் பிறந்த பிறகு நடந்த பிசகு இது. மந்திரிக்க என்று ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். இந்தக் கட்டி ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. ஆனால் முறையான கீமோதெரபி கிடைத்த குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒன்றான இந்தப் பி செல்தான். காய்ச்சலில் நெறி கட்டுகிறதே, அந்தக் கணுக்களுக்குள் பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவைத் தாங்களே வெட்டித் திருத்துகின்றன. அந்த மரபணு இருப்பது 14-ம் குரோமோசோமில். வெட்டைத் தொடங்கிவைப்பது ஏஐடி என்ற நொதி.

அந்த மரபணுவில் வெட்டி ஒட்ட வேண்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவே பல்லாயிரம் டிஎன்ஏ எழுத்துகள் கிடக்கின்றன. அவை எப்படிச் சந்திக்கின்றன? எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இதுதான். கொஹீசின் என்ற வளையம் டிஎன்ஏ இழையைப் பற்றி, மோதிரத்துக்குள் புடவையைக் கிள்ளி இழுப்பதுபோல் இழுக்கிறது. மடிப்பு நீண்டுகொண்டே போக, தூரத்தில் கிடந்த இரண்டு இடங்களும் வளையத்தின் வாயில் அருகருகே வந்து நிற்கின்றன. ஏஐடி கைவைத்த இடங்களில் இழை அறுகிறது, இடையிலுள்ள துண்டு கழன்றுவிடுகிறது, முனைகள் ஒட்டுகின்றன. ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடியைத் தயாரித்த செல் இனி ஐஜிஜி என்ற வேறு வகையைத் தயாரிக்கும்.

1997-ல் கொஹீசினைக் கண்டறிந்தவர்கள் புற்றுநோயைத் தேடவில்லை; ஈஸ்ட் செல்லில் குரோமோசோம்கள் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்றுதான் பார்த்தார்கள். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏஐடி சிலசமயம் 8-ம் குரோமோசோமிலுள்ள மிக் மரபணுவையும் வெட்டிவிடுகிறது. அறுந்த முனை, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதோடு ஒட்டும். பக்கத்தில் யார்? தூண்டப்பட்ட எலி பி செல்களில் மிக்கும் ஆன்டிபாடி மரபணுவும் உட்கருவின் ஒரே மூலையில் அடிக்கடி சேர்ந்து இயங்குவதை 2007-ல் கண்டார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டால், ஆன்டிபாடியை ஓயாமல் எழுதவைக்கும் சுவிட்ச் மிக்கின் கைக்கு வந்துவிடும். மிக்கின் வேலை செல்லைப் பெருகவைப்பது.

அறுவைச் சிகிச்சை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1958-ல் இந்நோயைப் பற்றி எழுதியது உகாண்டாவிலிருந்து. மலேரியா விடாமல் தாக்கும் பகுதி அது. அங்கே குழந்தைகளின் பி செல்கள் ஓய்வின்றி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, எப்ஸ்டீன்-பார் வைரஸ் பிசகிய செல்லைச் சாகவிடாமல் காக்கிறது. அதனால் மலேரியாவைத் தடுப்பது அந்த ஊர்களில் லிம்போமாவைத் தடுப்பதும்தான்.