அஸபிய்யா: நரம்பில் பிறந்த சொல்

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்கிறோமே, அதை அரபியில் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமென்றால் 'அஸபிய்யா' என்று சொல்லிவிடலாம். நமக்குச் சதை, அவர்களுக்கு நரம்பு. 'அஸப்' என்றால் அரபியில் நரம்பு, தசைநார்.

இந்த வேருக்கு அடிப்படைப் பொருள் இறுக்கிக் கட்டுவது, சுற்றிக் கட்டுவது. அரபுப் பாலையில் 'ஸலம்' என்று ஒரு மரம் உண்டு. நம் வேல மரத்துக்குச் சொந்தம், முள்ளும் அதே முள். அதன் தழையைக் கையால் பறிக்க முடியாது. அதனால் பரந்து கிடக்கும் கிளைகளைக் கயிறு போட்டு ஒன்றாக இழுத்துக் கட்டிவிட்டு, தடியால் அடித்து இலையை உதிர்ப்பார்கள். (நம் ஊரில் தொரட்டியோடு வேலை முடிந்துவிடும்.) அந்தக் கட்டுக்குப் பெயர் 'அஸ்ப்'. கூஃபா நகருக்கு ஆளுநராக வந்த ஹஜ்ஜாஜ், வந்த கையோடு மக்களைக் கூட்டி வைத்து, "ஸலம் மரத்தைக் கட்டுவதுபோல உங்களைக் கட்டுவேன்" என்று மிரட்டியது அரபு இலக்கியத்தில் பேர்போன பேச்சு. சேர்த்துக் கட்டுவது எப்போதும் அன்பால்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

அதே வேரில் 'இஸாபா' என்றால் தலையில் கட்டும் துணி. இன்றைய செய்தித்தாளில் அதே சொல்லுக்குத் திருட்டுக் கும்பல் என்று பொருள். 'உஸ்பா' என்றால் ஒன்றுபட்ட கூட்டம். குர்ஆனில் யூசுபின் அண்ணன்மார், "நாம் இத்தனை பேர் ஒரு கூட்டமாக இருக்கும்போது அப்பாவுக்கு அவன்மேல்தானே பிரியம்" என்று பொருமும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். முதல் உலகப் போருக்குப் பின் வந்த நாடுகளின் சங்கத்துக்கும் அரபியில் 'உஸ்பா' என்றே பெயர் வைத்தார்கள்.

நமக்கு வேண்டியது 'அஸபா'. தந்தை வழி ஆண் உறவினர். இஸ்லாமியச் சொத்துப் பிரிவினையில், பங்கு குறிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தது போக மீதி இவர்களுக்குப் போகும். தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை: பங்காளி. ஆனால் அஸபாவுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஒருவன் கை தவறி ஒரு உயிர் போய்விட்டால், இரத்த ஈட்டுத் தொகையை அவன் பங்காளிகள் சேர்ந்து கட்ட வேண்டும். வரவிலும் பங்கு, செலவிலும் பங்கு.

இந்த அஸபாக்களுக்குள் ஓடும் உணர்வுதான் அஸபிய்யா. அதை எடுத்து ஒரு பெரிய கொள்கையாக்கியவர் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன். 1332-ல் தூனிஸில் பிறந்தவர். அரசவைகளில் பதவியும் சிறையும் மாறி மாறிப் பார்த்தபின், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கி உட்கார்ந்து, 1377-ல் தன் வரலாற்று நூலுக்கு முன்னுரையான 'முகத்திமா'வை எழுதி முடித்தார். உறவினன் அநியாயமாக அடிபட்டால் நமக்கு ஒரு அவமானம் பொங்குகிறதே, குறுக்கே போய் விழலாமா என்று துடிக்கிறதே, அந்தத் துடிப்பிலிருந்து அரசாங்கமே பிறக்கிறது என்றார். அது உள்ள கூட்டம் பாலையிலிருந்து வந்து நகரத்தைப் பிடிக்கும். பிடித்தபின் சுகம் கண்டு துடிப்பு அடங்கும். மூன்று தலைமுறை, ஏறக்குறைய 120 வருஷம், அதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பெரியப்பா வரப்புத் தகராறில் அப்பாவோடு பதினொரு வருஷம் பேசவில்லை. சந்தையில் அப்பாவை எவனோ சட்டையைப் பிடித்த அன்று, முதலில் ஓடி வந்து நடுவில் விழுந்தவர் அவர்தான். மறுநாளும் பேசவில்லை. அஸபிய்யா என்றால் பாசம் என்று மொழிபெயர்க்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பாசம் இல்லாமலும் அது வேலை செய்யும்.

இப்னு கல்தூனிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. வம்சம் என்பது கற்பனைதான், அதற்கு உண்மை கிடையாது, அது உண்டாக்கும் ஒட்டுதலில்தான் அதன் பயன் என்று பச்சையாகவே எழுதிவிட்டார். அடைக்கலம் வந்தவனுக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டவனுக்கும் அதே துடிப்பு வரும் என்கிறார். ஊரில் சொந்தமே இல்லாதவரையும் மாமா, சித்தப்பா என்று முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முகத்திமாவுக்கு ஃபிரான்ஸ் ரோசந்தால் 1958-ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் போட்டதைத் தமிழாக்கினால் 'குழுவுணர்வு' வரும். தப்பில்லை, ஆனால் அதில் நரம்பு இல்லை. அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொல்வதுபோல இருக்கிறது. 'இனப்பற்று' மேடைக்குப் போய்விட்ட சொல். 'கட்டுப்பாடு' வேருக்கு நெருக்கம்தான், ஆனால் ஊர்க் கட்டுப்பாடு என்றதும் அபராதமும் ஒதுக்கிவைப்பும் நினைவுக்கு வருகின்றன.

என் தேர்வு 'பிணைப்புணர்வு'. பிணைத்தல் என்றால் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது. கோர்ட்டில் ஒருவருக்காக நாம் நிற்பதும் பிணைதான். இரத்த ஈடு கட்டும் பங்காளிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

எல்லா இடத்திலும் அது பொருந்தாது. "அஸபிய்யாவுக்கு அழைப்பவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை" என்ற நபிமொழியில் 'குலவெறி' என்றே போட வேண்டும். தன் ஆள் அநியாயம் செய்தாலும் துணை போவதைத்தான் அது கண்டிக்கிறது. இப்னு கல்தூனும் இதை ஒதுக்கவில்லை, கண்டனம் வீண் காரியத்துக்கான அஸபிய்யாவுக்கே என்று விளக்கம் சொன்னார். இன்றைய அரபியில் விளையாட்டு ரசிகர்களின் வெறிக்குச் சொல்லும் 'தஅஸ்ஸுப்' இதே வேரில் வந்ததுதான்.

அப்புறம், நரம்பின் பழைய பொருளும் போய்விடவில்லை. கெய்ரோவில் ஒரு டாக்ஸிக்காரர் "பலாஷ் அஸபிய்யா" என்றால், "டென்ஷன் ஆகாதீங்க சார்" என்று மட்டும்தான் அர்த்தம்.