சீன மூலிகை மருந்தை வருடக்கணக்கில் சாப்பிடுகிறீர்களா?

இந்த மாதமும் ஒருவர் வந்தார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறிக் கிடக்கிறது. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்றால், "ஒன்றுமில்லை டாக்டர்" என்கிறார். மகள்தான் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார்: முட்டிவலிக்கு மூன்று வருடமாகச் சாப்பிடும் சீன மூலிகை மாத்திரை. அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மலேசியாவில் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, அடுத்து வரும் கேள்வி மனப்பாடம். "ஆயிரம் வருடமாகச் சாப்பிடுகிற மருந்து. கெடுதல் இருந்தால் இதற்குள் தெரிந்திருக்காதா?"

தெரிந்திருக்காது. அன்றைக்கே ஆளைச் சாய்க்கும் விஷத்தைப் பழைய வைத்தியர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஃபூட்ஸி என்னும் நாபி இன வேரை வெகுநேரம் வேகவைக்கச் சொன்னது அதனால்தான். ஆனால் வலியே இல்லாமல் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைச் சுருக்கும் பொருளை, ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் யாரால் கண்டுபிடிக்க முடியும்? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஃபாங்ஜி என்ற மூலிகையின் பெயரில் வேறொரு வேர் மாறி வந்திருந்தது. அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. சீன மருத்துவம் வேரூன்றிய தைவானே 2003இல் இந்த அமிலமுள்ள மூலிகைகளைத் தடை செய்தது.

அந்த மருத்துவமும் ஒரே மருந்தை வருடக்கணக்கில் விழுங்கச் சொல்லவில்லை. முறையாகப் படித்த சீன வைத்தியர் நாடியும் நாக்கும் பார்த்துச் சில நாளைக்கு எழுதுவார், திரும்பப் பார்த்து மாற்றுவார். நாம் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறோம்!

சரி, சாப்பிடத்தான் வேண்டும் என்றால், எல்லா டப்பாவையும் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டமாட்டோம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் டான்ஷென் என்ற சீன மூலிகையின் பக்கமே போகாதீர்கள், ரத்தக்கசிவு வரும். அதிமதுரம் நாள்பட்டால் பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஹெ ஷோ வூ என்ற மூலிகை சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கிறது. ஆரம்பிக்கும் முன்பும், பிறகு சில மாதத்துக்கு ஒருமுறையும் சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் பரிசோதனை செய்யுங்கள். டப்பாவில் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண் (MAL என்று தொடங்குவது) இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பல வருட வலி இரண்டே நாளில் பறந்ததா? முகம் உப்புகிறதா, சர்க்கரை ஏறுகிறதா? ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மாத்திரையோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.