கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு: யாருக்கு, எவ்வளவு, எப்படி வாங்குவது

பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பது திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். கரு கலைந்தாலும் சம்பளத்தோடு ஆறு வாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் கேட்பதில்லை. லீவ் லெட்டரில் "வயிற்று வலி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் ஓவர்லாக் மெஷினில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வந்துருங்கக்கா, ஷிப்மெண்ட் இருக்குதுங்க" என்று சூப்பர்வைசர் சொன்னால் அதுவே பெரிய சலுகை என்று நினைக்கிறார்கள். அது சலுகையே இல்லை. அந்த ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதைச் சட்டம் நிர்வாகத்துக்குத் தடை செய்திருக்கிறது.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 9-ஆவது பிரிவாக இந்த உரிமை இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இதில் 65-ஆவது பிரிவைப் பாருங்கள். சட்டத்தின் பெயர் மாறியதே தவிர ஆறு வாரம் குறையவில்லை. "பழைய சட்டம் போயிருச்சு" என்று யாராவது சொன்னால் நம்பி வந்துவிட வேண்டாம்.

கரு கலைந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம், அதாவது 42 நாள். தானாகக் கலைந்தாலும் சரி, ஸ்கேனில் குழந்தைக்குக் குறை தெரிந்தோ வேறு காரணத்துக்காகவோ டாக்டரிடம் சட்டப்படி கலைத்தாலும் சரி, அதே ஆறு வாரம்தான். உடம்பு தேறாமல் ரத்தப்போக்கு, காய்ச்சல் என்று இழுத்தால், டாக்டர் சான்றோடு இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கேட்கலாம். கல்யாணம் ஆனவரா என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஹெச்.ஆர். ஆளுக்கும் உரிமை இல்லை.

மிக அதிகமாகத் தவறு நடக்கிற இடம் வாரக் கணக்கு. 26-ஆவது வாரம் முடிவதற்குள் போனால்தான் சட்டத்தின் கணக்கில் அது கருச்சிதைவு. அதைத் தாண்டிக் குழந்தை இறந்தே பிறந்தால் அது பிரசவம். இறந்து பிறந்த குழந்தையையும் சட்டம் குழந்தை என்றே சொல்கிறது. ஆகவே அந்தத் தாய்க்கு ஆறு வாரமல்ல, முழு மகப்பேறு விடுப்பே உண்டு: உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவு என்றால் 26 வாரம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 12 வாரம். "குழந்தைதான் இல்லையே, அப்புறம் எதுக்கு ஆறு மாசம் லீவு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழாம் மாதத்தில், எட்டாம் மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? பிரசவித்த உடம்புக்குத்தான் அந்த ஓய்வு. பால்கூடச் சுரந்திருக்கும்.

சரி, பணம் யார் தருவார்கள்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து, சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடித்தால், பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு சந்தா காலங்கள். உங்கள் கணக்கில் வரும் முந்தைய இரண்டு காலங்களிலும் சேர்த்துக் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனி கட்ட வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்கும் சான்று எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். சாதாரண உடல்நலக் குறைவு என்று எழுதினால் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம்தான் வரும். கருச்சிதைவு என்று எழுதினால் முழுச் சம்பளம். நாள் சம்பளம் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 42 நாளுக்கு 16,800 ரூபாய் வர வேண்டும். 70 சதவீதக் கணக்கில் 11,760தான். வெட்கப்பட்டு வேறு காரணம் சொல்வதால் போவது 5,040 ரூபாய்.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஈ.எஸ்.ஐ. தகுதி இன்னும் வரவில்லை என்றால்? அந்தத் தகுதி வரும்வரை பொறுப்பு கம்பெனியுடையது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் கம்பெனிதான் தர வேண்டும். வால்பாறை எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்கிறவர்கள் பொதுவாக ஈ.எஸ்.ஐ.யில் இல்லை, அவர்களுக்கு எஸ்டேட் நிர்வாகம். கடை, அலுவலகம் என்றால் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் எல்லாமே இதற்குள் வரும்.

பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கிறவர்களுக்கு "உங்களுக்கு ஏது மாசச் சம்பளம்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். கம்பெனி தர வேண்டிய இடத்தில், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களுக்கு வந்த கூலியின் சராசரிதான் கணக்கு. பீஸ் ரேட்டானாலும் அதைப் போட்டுவிட முடியும். தினக்கூலி என்பதும் சாக்கு ஆகாது. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை செய்த பெண்களுக்கு இந்தச் சட்டத்தின் பயன்களைத் தர மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000-ஆம் ஆண்டில் அந்தப் பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. மண் சுமந்த பெண்கள் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. நீதி தவறுவது பெரும்பாலும் கோர்ட்டில் அல்ல, விண்ணப்பத்தை வாங்காமல் திருப்பி அனுப்பும் மேஜையில்தான்.

நாலைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் தறிப்பட்டறை, வீட்டிலேயே தைக்கும் வேலை என்றால் மேலே சொன்னது எதுவும் எட்டாது. சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இப்படித்தான் ஏராளமானோர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நல வாரியங்கள் உண்டு. விசைத்தறிக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று, கட்டுமானத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. பதிவு செய்து, அதைப் புதுப்பித்தும் வைத்திருந்தால் கருச்சிதைவுக்கு 3,000 ரூபாய் உதவித்தொகை கேட்கலாம். ஆறு வாரக் கூலிக்கு அது எந்த மூலைக்கும் காணாது. இருந்தாலும் விட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு மாநில அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவியோடு சேர்ந்து வரும் மத்திய அரசின் மாத்ரு வந்தனா உதவி பற்றியும் ஒரு வார்த்தை. பாதியில் கரு போய்விட்டால், அடுத்த முறை உண்டாகும்போது புதுப் பயனாளியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. பழைய ஆர்.சி.ஹெச். எண்ணில் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) நடந்ததைப் பதிவு செய்யச் சொல்லி கிராம செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை காகிதம்தான். ஆஸ்பத்திரியை விட்டு வரும்முன் டிஸ்சார்ஜ் சீட்டில் கரு கலைந்த தேதியும் எத்தனையாவது வாரம் என்பதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணால் இதையெல்லாம் பார்க்க முடியாது. கூட இருக்கும் அம்மாவோ புருஷனோ அக்காவோ பார்க்கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். கம்பெனியில் கொடுக்கும் கடிதத்துக்கு நகல் வைத்து, அதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது சட்ட விரோதம். நிறுத்தினால் 60 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. ஈ.எஸ்.ஐ. சந்தேகங்களுக்கு 1800-11-2526.