பொய்ப்பிக்கத்தக்கமை

“இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது” என்று கடலூர்ப் பக்கத்து உழவர் சொன்னால், மழை பொய் பேசியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். ‘விண்இன்று பொய்ப்பின்’ என்ற குறளிலும் இதே பொருள். அறிவியல் மெய்யியலின் ஃபால்சிஃபையபிலிட்டிக்கு (ஒரு கூற்றைத் தவறு என்று காட்ட வழி இருத்தல்) தமிழ்ச்சொல் தேடுவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொய்த்தல் தன்வினை, பொய்ப்பித்தல் பிறவினை. அதனோடு ‘தக்க’, ‘மை’ சேர்ந்தால் பொய்ப்பிக்கத்தக்கமை. நீளமான சொல்தான். ஆனால் ‘பொய்மை’ என்று சுருக்கினால் பொருள் கெடும். ‘பொய்யாக்கல்’ என்றால் கணக்கைத் திருத்தும் மோசடி நினைவுக்கு வரும். லத்தீன் ஃபால்சுஸ் (பொய்), ஃபாக்கெரே (செய்தல்) வழிவந்த ‘ஃபால்சிஃபை’ என்ற ஆங்கில வினைக்கும் அந்த மோசடிப் பொருள் உண்டு.

மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் இதை அறிவியலுக்கு எல்லைக்கோடாக வைத்தார். ஒரு கூற்று பொய்ப்பிக்கத்தக்கது என்றால் அது பொய் என்று பொருளல்ல. எதைக் கண்டால் அதைக் கைவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்று பொருள்.

1825இல் புதுச்சேரியில், இந்தியக் காலக்கணக்கை ஆராய்ந்த ஜான் வாரனுக்கு ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு மே 31–ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. இத்தனை நிமிடம் தவறியது என்று அளக்க முடிந்ததே அந்தக் கணிப்பின் பெருமை. ‘சில இடங்களில் மழை மிகும், சில இடங்களில் குறையும்’ என்ற பலன் எந்த ஆண்டும் தவறாது. தவற வழியே இல்லை.

சரி, 52 நிமிடம் தவறியதும் எதைக் கைவிடுவது? வாய்பாட்டையா, கணித்தவர் நினைவையா, கடிகாரத்தையா? கூற்று தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, துணை எடுகோள்களோடுதான் (கூடவே சரி என்று நாம் கொள்பவை) வருகிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயெம் 1906இலேயே காட்டினார். அவற்றைத் தனித்தனியே சோதித்துக் கழித்த பிறகே பழியை வாய்பாட்டின் மேல் போடலாம்.

உடன்வரும் சொல் தொகுத்தறிதல் (ஆங்கிலத்தில் இண்டக்‌ஷன்): பல நிகழ்வுகளிலிருந்து பொதுவிதிக்குப் போவது. (அதே ஆங்கிலச் சொல்லுக்கு இயற்பியலில் வரும் ‘தூண்டல்’ வேறு. ‘கணிதத் தொகுத்தறிதல்’ பெயரளவில்தான் தொகுப்பு. உள்ளே நடப்பது கறாரான நிறுவல்.) வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னே கடந்துபோவதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டிக்கு அதற்கு முந்தைய காலைகள் தெளிவாகவே விடிந்தன. 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. தெளிந்த காலைகள் எத்தனை சேர்ந்தாலும் ‘எல்லாக் காலையும் தெளிவு’ என்று நிறுவ முடியாது. மூடிய ஒரு காலை போதும், அதைப் பொய்ப்பிக்க.

நிகழ்தகவில்தான் இந்தச் சொல் திணறுகிறது. ‘கடலூரில் நாளை மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு’ என்ற முன்னறிவிப்பு, நாளை வெயிலடித்தாலும் பொய்க்காது. 70 என்று அறிவித்த 100 நாள்களைத் திரட்டி, மழை பெய்தவற்றை எண்ண வேண்டும். திட்டவிலக்கம் (எண்ணிக்கை 70ஐச் சுற்றி இயல்பாகச் சிதறும் அளவு) ஏறத்தாழ 4.6. இரு பக்கமும் அதைப்போல் இரு மடங்கு விட்டால், 61 முதல் 79 வரை வந்தால் ஏற்கலாம், 50 வந்தால் தள்ளலாம். தர்க்கம் இந்த வரம்பைத் தருவதில்லை. எண்ணத் தொடங்கும் முன் நாமே வகுத்துக்கொள்ளும் விதி இது. இந்தக் கணக்கு நாள்களை ஒன்றையொன்று சாராதவையாகக் கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஒரே காற்றழுத்தத் தாழ்வு நான்கு நாள் கொட்டும்; அப்போது வரம்பை இன்னும் அகலமாக வைக்க வேண்டும்.