கந்தக உலை: மீனுக்கா உலை வைக்கிறீர்கள்?

தங்கை மகன் ஹாலில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். போன மாதம் போனபோது அதன் பக்கத்தில் புதிதாக ஓர் அக்ரிலிக் குழாய் நின்றது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கந்தகக் குருணை. சல்ஃபர் ரியாக்டராம், மீன் தொட்டி நீரில் தேங்கும் நைட்ரேட்டை நீக்கும் கருவி. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். தமிழ்க் குரல் கொடுத்த காணொளி ஒன்றைப் போட்டான். எடுத்த எடுப்பிலேயே, "கந்தக அணு உலை உங்கள் தொட்டிக்குத் தேவையா?" அடுக்களையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்து, "கூடங்குளம் பத்தாதுன்னு நம்ம ஹால்லயுமா?" என்றாள்.

'அணு'வை மன்னித்துவிடலாம், எந்திர மொழிபெயர்ப்பின் உளறல். 'கந்தக உலை' என்பதுதான் பிரச்சினை. மனிதர்களே யோசித்து எழுதுவது அது. இதோடு நான்காவது முறை கண்ணில் படுகிறது.

சொல்லின் கதை சின்னதுதான். கந்தகம் வடமொழியிலிருந்து வந்தது. கந்தம் என்றால் மணம். வேடிக்கை என்னவென்றால் சுத்தமான கந்தகத்துக்கு மணமே கிடையாது, ஹைட்ரஜனோடு சேர்ந்தால் நாறும். ரியாக்டர் என்பதன் அடியில் 'செய்' என்று பொருள்படும் லத்தீன் வினை இருக்கிறது. வேதிவினை நடக்கும் கலம், அவ்வளவுதான். அதில் நெருப்பும் இல்லை, சூடும் இல்லை.

உலைக்கு வருவோம். தமிழில் உலை என்றால் ஒன்று கொல்லன் உலை, இல்லையென்றால் அரிசி போடக் காத்திருக்கும் சோற்று உலை. இரண்டிலும் சூடுதான் உயிர். கல்பாக்கத்தில் இருப்பதை அணு உலை என்றது பொருத்தம். அணுவைப் பிளந்த சூட்டில்தான் அங்கே நீராவி உண்டாகிறது. வினை கெட்டது எங்கே என்றால், அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ரியாக்டர் என்றாலே உலை என்று சிலர் மனப்பாடம் செய்துகொண்டதில்தான். பவளம் வளர்ப்பவர்களிடம் கால்சியம் ரியாக்டர் என்று இன்னொன்று உண்டு. அதைக் 'கால்சியம் உலை' என்று எழுதினால் படிப்பவர் சுண்ணாம்புக் காளவாயைத்தானே நினைப்பார்? அப்புறம், ஒருவனுக்கு உலை வைப்பது என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

குழாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் உலை எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று தெரியும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கடைசியில் நைட்ரேட்டாகித் தொட்டியில் தேங்குகிறது. அந்த நீரை ஆக்சிஜன் தீர்ந்துபோகும் அளவுக்கு மெதுவாகக் கந்தகக் குருணை வழியே விடுகிறார்கள். அங்கே குடியிருக்கும் தயோபாசில்லஸ் டீநைட்ரிஃபிகன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் கந்தகத்தைத் தின்று, மூச்சுக்கு நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியிட்டுப் போய்விடும், கந்தகம் சல்ஃபேட்டாகிவிடும். கடல்நீரில் ஏற்கெனவே லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் இந்தக் கொசுறு ஒரு பொருட்டில்லை. கூடவே அமிலம் உண்டாவதால், வெளிவரும் நீரைப் பவளச் சல்லி வழியாக விட்டு பிஎச் இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1990களில் கடல்மீன் தொட்டிக்குக் கொண்டுவந்த முறை இது. எல்லாமே தொட்டியின் வெப்பத்தில், 25 டிகிரிப் பக்கம், சத்தமில்லாமல் நடக்கிறது. அங்கே போய் உலையாம்!

தூய தமிழ் அன்பர் ஒருவர் 'கந்தக எதிர்வினையாக்கி' என்றார். எதிர்வினை என்றதும் எனக்கு அமைச்சரின் பேச்சும் அதற்கு வந்த கண்டன அறிக்கையும்தான் ஞாபகம் வருகின்றன. வேதியியலில் வெறும் வினை போதும். வினையூக்கி, வினைபடுபொருள் என்று பள்ளியிலேயே படித்தோமே. இலங்கைத் தமிழர் தாக்கம் என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான். சிலர் 'கந்தக வடிகட்டி' என்கிறார்கள். எதை வடிகட்டுகிறது? நைட்ரேட் குருணையில் சிக்கி நிற்பதில்லை, அது வேறொன்றாக மாறிவிடுகிறது. டீத்தூளுக்கும் இதற்கும் ஒரே சொல் எப்படிச் சரியாகும்?

நான் முதலில் சொன்னது 'கந்தகக் கலன்'. "கந்தகம் போட்டு வைக்கிற டப்பா மாதிரி இருக்கு மாமா" என்று பையன் மடக்கினான். சரி, தோற்றேன். கந்தக வினைக்கலன் என்று வைத்துக்கொண்டோம். கொள்கலன் என்ற சொல்லைப் பார்த்து 'வினைகலன்' என்று க் என்ற ஒற்றெழுத்தை விழுங்கிச் சிலர் எழுதுகிறார்கள். கொள்கலன் வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. வினை இங்கே பெயர். வினைச்சொல்லில் ச் வருவதுபோல இங்கே க் வந்தே ஆக வேண்டும். வாய்க்கு ரியாக்டர்தான் வருகிறது என்றால் அப்படியே சொல்லுங்கள், கடைக்காரரும் அதைத்தான் புரிந்துகொள்வார்.

போன வாரம் தங்கை போன் செய்தாள். குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து, சொட்டிக்கொண்டிருந்த வால்வை இறுக மூடியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துப் பையன் திறந்தபோது ஹால் முழுக்க அழுகிய முட்டை நாற்றமாம். நீர் நின்றுபோனால் நைட்ரேட் தீர்ந்துபோய் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். இப்போது குழாயின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறான்: "வினைக்கலன். சொட்டட்டும், மூடாதே அம்மா." க் போட்டிருக்கிறான்.