அக்ரெடிட்டேஷன்: அங்கீகாரமா, தரச்சான்றா?

சொந்தக்காரர் ஒருத்தர் போன் பண்ணியிருந்தார், பொண்ணுக்கு காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு, போர்டுல பெருசா ‘அங்கீகாரம் பெற்றது’ன்னு போட்டிருக்கு, அப்போ அந்த கோர்ஸ் தரமானதுதானே தம்பின்னு கேட்டார். ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. அந்த ஒரு சொல்லுக்குள்ள மூணு வேற வேற விஷயத்தைப் போட்டு அடைச்சு வெச்சிருக்கோம், அதுதான் பிரச்சனையே.

காலேஜையோ கோர்ஸையோ நேர்ல வந்து பாத்து ‘தரத்தை நம்பலாம்’னு சொல்றதுதான் அக்ரெடிட்டேஷன், அதையும் நாம அங்கீகாரம்னுதான் சொல்றோம். முதல்ல அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துருவோம். லத்தீன்ல ‘கிரேதெரே’ன்னா நம்புறது. கடன் வாங்குற கிரெடிட்டும் அதே வேர்தான், நம்பித்தானே கடன் கொடுக்கிறோம். அது பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தப்போ காலேஜுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு அரசன் இன்னொரு அரசனுக்கு தூதரை அனுப்பும்போது ‘இவர் என் ஆள், இவர் சொல்றதை நம்பலாம்’னு கடிதம் கொடுத்து அனுப்புவான் பாருங்க, அந்த இடத்துல புழங்கின சொல். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், சமஸ்கிருத ‘ச்ரத்தா’வும் இந்த லத்தீன் சொல்லும் ஒரே மூலத்துலேருந்து வந்ததுன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. அதாவது ‘சிரத்தையா வேலை பாக்குறான்’னு நாம சொல்ற சிரத்தையும் அக்ரெடிட்டேஷனும் தூரத்துச் சொந்தம்!

இப்போ அங்கீகாரத்துக்கு வருவோம். அங்கம்னா உறுப்பு. அங்கீகாரம்னா தன்னோட அங்கமா ஆக்கிக்கிறது, ஏத்துக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தை யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, பட்டியல்ல சேத்துக்குது, ஒரு காலேஜ் தொழில்நுட்பப் படிப்பு நடத்த ஏஐசிடிஇங்கிற தொழில்நுட்பக் கல்விக் குழு அனுமதி கொடுக்குது, இதுக்கெல்லாம் அங்கீகாரம்னு சொன்னா கச்சிதமா பொருந்தும். ஆனா அது கடை திறக்க லைசன்ஸ் கொடுக்குற மாதிரிதான், உள்ள விக்கிற சரக்கு எப்படின்னு அது சொல்லாது. சரக்கை வந்து பாத்து சொல்றதுதான் அக்ரெடிட்டேஷன். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதாலதான் அந்த போர்டைப் பாத்து அவர் குழம்பினார், அவர்மேல தப்பே இல்ல.

அதுக்குள்ளயும் இன்னொரு பிரிவு இருக்கு. இந்தியாவுல அக்ரெடிட்டேஷன் கொடுக்குற அமைப்புகள் நாக், என்பிஏ, ரெண்டுமே 1994ல ஆரம்பிச்சது. நாக் முழு நிறுவனத்தையும் பாக்கும், ஏ பிளஸ் பிளஸ்ங்கிறதெல்லாம் அது கொடுத்த கிரேடு. என்பிஏ அப்படி இல்ல, இன்ஜினியரிங் மாதிரி தொழில் சார்ந்த படிப்புகளை ஒவ்வொண்ணா தனித்தனியா பாக்கும். ஒரே கட்டடத்துல மெக்கானிக்கலுக்கு இருக்கும், பக்கத்து பிளாக்ல இன்னொரு டிபார்ட்மென்டுக்கு இருக்காது. காலேஜுக்கு நல்ல கிரேடுன்னா எல்லா கோர்ஸும் அதே தரம்னு எடுத்துக்கக் கூடாது. தரவரிசைங்கிறது இதுலேருந்தும் வேற, அது மத்தவங்களோட ஒப்பிட்டு நீ எத்தனையாவதுன்னு சொல்றது, அக்ரெடிட்டேஷன் முன்னாடியே வகுத்து வெச்ச அளவுகோலை நீ தொட்டியான்னு பாக்குறது.

படிப்பை எப்படி அளக்குறாங்கன்னு தெரியணும்னா ஒரு கேள்வித்தாளை எடுத்துப் பாருங்க. இப்போ நிறைய காலேஜ்ல கேள்விக்குப் பக்கத்துல சின்னதா சிஓ1, சிஓ3ன்னு போட்டிருக்கும், பசங்க அதைக் கண்டுக்கவே மாட்டாங்க. அந்தப் பாடத்தை முடிச்சா என்ன தெரிஞ்சிருக்கணும்னு வாத்தியார் முதல்லயே எழுதி வெச்ச அஞ்சாறு வரியில இந்தக் கேள்வி எதைச் சோதிக்குதுங்கிற குறிப்பு அது, சிஓன்னா ‘கோர்ஸ் அவுட்கம்’. அந்த ஒவ்வொரு வரியும் மொத்தப் பட்டப்படிப்போட இலக்குக்கு எவ்வளவு உதவுதுன்னு 1, 2, 3ன்னு எண் போட்டு அட்டவணை இருக்கும், பசங்க வாங்கின மார்க்கை அந்த அட்டவணை வழியா ஓட்டி இலக்கை எட்டினோமான்னு கணக்கு போடுவாங்க. அப்புறம் வேற காலேஜ்ல அதே துறையில இருக்கிறவங்க டீமா வந்து விடைத்தாளைப் பிரிச்சுப் பாப்பாங்க, லேபுக்குள்ள போவாங்க, பசங்களைத் தனியா உக்கார வெச்சுப் பேசுவாங்க. அட்டவணையை மட்டும் அழகா நிரப்பிட்டு பாடத்தைக் கோட்டை விடுற இடமும் இருக்கு, நான் கண்ணால பாத்திருக்கேன், மனசு வலிக்கும். இதுல வர்ற ‘அவுட்கம்’க்கு இலங்கைத் தமிழ்ல கற்றல் பேறுன்னு சொல்றாங்க. பெறுங்கிறது நீண்டு பேறு. விளைவுங்கிறதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், படிச்சவன் கைக்கு என்ன வந்துச்சுன்னு நேரா சொல்லுது.

சரி, அக்ரெடிட்டேஷனுக்குத் தமிழ் என்ன? தரமதிப்பீடுன்னு சிலர் எழுதறாங்க, ஆனா மதிப்பீடு அளக்குற வேலையோட நின்னுடும், அளந்து முடிச்சு ‘நம்பலாம்’னு சொல்றது அதுல வராது. தரப்படுத்தல் வேண்டவே வேண்டாம். இலங்கைத் தமிழர்களுக்கு அது 1970கள்ல பல்கலைக்கழக அனுமதியில வந்த கொள்கையோட பேரு, எத்தனையோ பேரோட படிப்பைப் பறிச்ச காயம் அந்தச் சொல்லுல இருக்கு.

என் ஓட்டு தரச்சான்றுக்கு. தரம் நமக்குப் புதுசில்ல, சோழர் காலக் கல்வெட்டுலயே நிலத்தைத் தரம் பிரிச்சு வரி போட்டிருக்காங்க, தரம் பிரிக்காத நிலத்துக்கு ‘தரமிலி’ன்னு பேரு. சான்று ‘சால்’ங்கிற வேர்லேருந்து வர்றது, நிறைஞ்சிருக்கிறது, பொருந்தியிருக்கிறதுன்னு அர்த்தம், சான்றோரும் அங்கேருந்துதான். துறை தெரிஞ்சவங்க நேர்ல வந்து பாத்து சாட்சி சொல்ற இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியல. இன்னொண்ணு, தூதர் கொண்டுபோய்க் கொடுக்கிற கடிதத்தை இலங்கைப் பத்திரிகைகள் ‘நற்சான்றுப் பத்திரம்’னுதான் எழுதுது, அதாவது அந்த லத்தீன் வேர்ச்சொல்லோட பழைய பொருளுக்கு நம்ம ஆளுங்க ஏற்கனவே சான்றுன்னுதான் போட்டிருக்காங்க.

அதனால அனுமதிக்கு அங்கீகாரம், தரம் பாத்து நம்பிக்கை சொல்றதுக்கு தரச்சான்று, முழு காலேஜுக்குன்னா நிறுவனத் தரச்சான்று, ஒரு கோர்ஸுக்குன்னா படிப்புத் தரச்சான்றுன்னு பிரிச்சு எழுதினா குழப்பமே வராது. அந்தச் சொந்தக்காரருக்கும் இதையே சொல்லி, ஆபீஸ்ல போய் படிப்புத் தரச்சான்று காட்டுங்கன்னு கேளுங்க, அதுல உங்க பொண்ணு சேரப்போற கோர்ஸ் பேரும் எந்த வருஷம் வரைக்கும் செல்லும்ங்கிறதும் இருக்கும், ரெண்டையும் படிச்சுட்டு பீஸ் கட்டுங்கன்னு சொன்னேன்.